பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலையில், சாணார்பட்டி நிறுத்தத்தில் இறங்கினால் எந்த வேலைநாளிலும் கையில் பிளாஸ்டிக் பையோடு நாலு பேரைப் பார்க்கலாம். பைக்குள் பத்திரம், பழைய பட்டா, ஆதார் நகல், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு போட்டோ. இ-சேவை மையத்தில் அப்படி ஒரு பெரியவர் சிட்டா எடுக்க வந்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க அது வேண்டும்.

"வட்டம் எது தாத்தா, கிழக்கா மேற்கா?"

"மேக்கெல்லாம் இல்லத்தா. திண்டுக்கல் தாலுகாதேன்."

"அதைத்தான் ரெண்டாப் பிரிச்சுட்டாங்களே. சாணார்பட்டின்னா கிழக்கு."

கணினி முன் இருந்த பெண் மாவட்டத்தைத் தேர்ந்தாள். வட்டங்களின் பட்டியல் இறங்கியது. வட்டத்தைத் தேர்ந்தாள்; கிராமங்கள் இறங்கின. பட்டா எண்ணை அடித்து, படத்தில் கோணல்மாணலாகத் தெரிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டி, ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், பரப்பு, தீர்வை என்று ஒரு பக்கம் வந்து நின்றது.

அந்தப் பக்கம், அவர் கேட்பதற்கு ஒரு நொடி முன்புவரை உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. கேட்ட பிறகுதான் அது உருவானது. அச்சடித்து முடித்ததும் மறைந்துவிட்டது. அடுத்த வாரம் அவரே திரும்ப வந்து கேட்டால் இன்னொன்று புதிதாக உருவாகும்.

வலைப்பக்கம் பிறந்த காலத்தில் அப்படி இல்லை. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் பக்கங்கள் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரிதான். எழுதியது எழுதியபடி இருக்கும். யார் வந்து பார்த்தாலும் அதே. மாநிலத்தில் உள்ள பட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டி வைக்க முடியாது; ஒட்டினாலும் நாளைக்கு ஒரு கிரயம் நடந்தால் கிழித்துவிட்டு வேறு ஒட்ட வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி மையத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். யாராவது பக்கம் கேட்டால் கோப்பை எடுத்துக் கொடுக்காதே, ஒரு நிரலை ஓட்டி, அது கக்குவதைக் கொடு. சிஜிஐ என்று அதற்குப் பெயர். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி 1995-ல் வெளியிட்ட சில்லறை நிரல்கள் பிஎச்பி மொழியாக வளர்ந்து, அந்த வழியை ராஜபாட்டையாக்கின.

ஆக மூன்று பேர் இருக்கிறார்கள். சாணார்பட்டிக் கணினியில் உள்ள பிரவுசர், தூரத்தில் எங்கோ தரவைப் பூட்டி வைத்திருக்கும் தரவுத்தளம், நடுவில் இந்த நிரல். பிரவுசருக்குத் தரவுத்தளத்தின் மொழி தெரியாது, தெரிந்தாலும் நேரடியாகப் பேச விட மாட்டார்கள். தாலுகா ஆபீசில் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்று போர்டு வைத்திருப்பார்கள். இங்கே இடைத்தரகர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது.

தரகருக்குப் பொறுப்புகள் உண்டு. ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்தோடு புதிதாக ஓர் இணைப்பைத் திறப்பது செலவான வேலை. கைகுலுக்கல், கடவுச்சொல், அனுமதிச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் கேள்வியே கேட்கலாம். அதனால் நிரல் பத்திருபது இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, வருபவருக்கு ஒன்றைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். வாடகை சைக்கிள் கடை நடத்திய முறைதான். யாராவது சைக்கிளைத் திருப்பித் தராமல் போய்விட்டால், கடை திறந்திருக்கும், கடைக்காரர் இருப்பார், சைக்கிள் மட்டும் இருக்காது. ஜமாபந்தி சமயத்திலோ கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்த மறுநாளோ திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பொறுப்பு, வந்தவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பாமல் இருப்பது. பட்டா எண் என்ற கட்டத்தில் ஒருவர் '215' என்று எழுதாமல், '215, அல்லது எல்லாருடையதும்' என்று தரவுத்தளத்தின் மொழியிலேயே எழுதிவிட்டால்? விவரம் இல்லாத தரகர் அதைக் கேள்வியின் பகுதியாகவே ஒட்டி உள்ளே கொடுத்துவிடுவார். மாநிலத்தின் பட்டா மொத்தமும் திரையில் கொட்டும். 1998-லேயே எச்சரித்துவிட்டார்கள், இன்னும் இந்த ஓட்டையில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து எளிது. கேள்வியின் வடிவத்தை முதலில் தனியாகக் கொடுத்துவிட வேண்டும், எண்ணைப் பிறகு தனியாகக் கொடுக்க வேண்டும். அப்போது கட்டத்தில் எதை எழுதினாலும் தரவுத்தளம் அதைக் கட்டளையாகப் பார்க்காது, பட்டா எண்ணாகத்தான் பார்க்கும். அப்படி ஒரு எண் இல்லை என்று சொல்லிவிடும்.

இனி அந்தப் பூட்டின பெட்டிக்குள் போகலாம். கிராமக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தரவுத்தளம் புரிவது சுலபம் என்பது என் கட்சி. நம் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்று ஒன்று உண்டு, சிட்டா என்று ஒன்று உண்டு. அ-பதிவேடு நிலத்தின் வரிசையில் போகும்: புல எண் 1, 2, 3 என்று, இந்த நிலம் யாருடையது. சிட்டா ஆளின் வரிசையில் போகும்: பட்டா எண் 1, 2, 3 என்று, இவருக்கு எந்தெந்த நிலம். இரண்டிலும் இருப்பது ஒரே செய்திதான். ஆனால் காகிதத்தில் ஒரு வரிசையில்தான் எழுத முடியும். இரண்டு விதமாகத் தேட வேண்டுமானால் இரண்டு நோட்டு வேண்டும். இரண்டு நோட்டு இருந்தால் ஒன்றில் திருத்தி இன்னொன்றில் திருத்த மறப்பது நிச்சயம்.

ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரை இந்தத் தொல்லையைத்தான் தீர்த்தது. செய்தியை எளிய அட்டவணைகளாக ஒரே ஒரு முறை எழுது. எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் கேட்டுக்கொள். நிலங்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, எந்த ஆளுக்கு எந்த நிலத்தில் உரிமை என்பதற்கு மூன்றாவது அட்டவணை. கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர் இருந்தால் மூன்றாவதில் ஐந்து வரி, அவ்வளவுதான். அ-பதிவேடும் சிட்டாவும் அப்புறம் தனி நோட்டுகள் இல்லை, ஒரே தரவைக் கேட்கும் இரண்டு கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்க 1974-ல் சேம்பர்லினும் பாய்ஸும் அமைத்த மொழியின் வாரிசுதான் இன்றைய எஸ்க்யூஎல்.

இந்த மொழிக்கு 1986-ல் தரம் வகுத்தார்கள். இருந்தாலும் ஆரக்கிள் பேசும் எஸ்க்யூஎல் வேறு, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் பேசுவது வேறு, மைஎஸ்க்யூஎல் வேறு, போஸ்ட்கிரெஸ் வேறு. முதல் பத்து வரி மட்டும் கொடு என்று கேட்க ஒருவரிடம் 'லிமிட்' என்க வேண்டும், இன்னொருவரிடம் 'டாப்' என்க வேண்டும். மதுரைத் தமிழும் நாகர்கோவில் தமிழும் போல. புரியும், ஆனால் சில சொல்லில் இடறும்.

பின்னே ஏன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள்? உரிமக் கட்டணம் ஏறுகிறது, தரவு பெருத்துவிட்டது, எழுதிய கம்பெனி கைவிட்டுவிட்டது. சிலசமயம் வீடு அப்படியே இருக்க, வீட்டுக்காரர் மாறிவிடுவார். மைக்கேல் விடெனியஸ் தன் மூத்த மகள் 'மை' பெயரை வைத்த மைஎஸ்க்யூஎல், சன் நிறுவனம் வழியாக 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போனது. அதற்கு முந்தின ஆண்டே அவர் பிரிந்துவந்து, இளைய மகள் மரியா பெயரில் மரியாடிபி தொடங்கிவிட்டார். இந்திய அரசு 2015-ல் திறந்த மூல மென்பொருள் கொள்கை வெளியிட்டதும் அரசுத் துறைகளிலும் மாற்றத்துக்கு ஒரு காரணம் சேர்ந்தது.

மாற்றுவது என்றால் ஏதோ மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றுவது போலத்தான் முதலில் தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு நம் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985 செப்டம்பர் 15-ல் மதுரை மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. அதன் பிறகு திண்டுக்கல் அண்ணா, திண்டுக்கல் காயிதே மில்லத், திண்டுக்கல் மன்னர் திருமலை என்று பெயர்கள் வந்து போயின. 1997-ல் மாவட்டங்களில் இருந்து தலைவர்கள் பெயரை எடுத்த பிறகு வெறும் திண்டுக்கல். இத்தனைக்கும் சாணார்பட்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஒருவர் தன் தரவுத்தளத்தில் மாவட்டத்தின் பெயரையே அடையாளமாக வைத்திருந்தால், ஒவ்வொரு அரசாணைக்கும் எல்லா வரியையும் திருத்த வேண்டும். பழைய வரியும் புது வரியும் ஒரே மாவட்டம் என்பது கணினிக்குத் தெரியாது. அதனால்தான் கிராமம், வட்டம், மாவட்டம் எல்லாவற்றுக்கும் அர்த்தமே இல்லாத ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். எண் அடையாளம், பெயர் வெறும் சட்டை. ஊராட்சி அமைச்சகம் நாடு முழுக்க இப்படி எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சாணார்பட்டியை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டு எழுதுவோர் உண்டு, 'எஸ்எச்' போட்டு எழுதுவோரும் உண்டு. எண் இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு ஊர்.

பக்கத்து ஊர் நத்தமும் ஒரு வேடிக்கை. அது ஊர்ப் பெயர், வட்டத்தின் பெயர். அதே சொல் வருவாய்த் துறையில் குடியிருப்பு நிலத்தின் வகைப்பெயர். நத்தம் வட்டத்தில் நத்தம் நிலத்துக்கு நத்தம் பட்டா. மனிதருக்கு இடம் பார்த்துப் பொருள் புரியும். அட்டவணைக்கு எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் புரியும்.

தரவுத்தளம் மாற்றும்போது தரவு தொலைவது அபூர்வம். அந்தத் தரவைப் பற்றி எழுதாமலேயே நாலு பேருக்குள் இருந்த புரிதல்தான் தொலையும். நம் நிலக் கணக்குக்கு இது கணினி வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. 1980 நவம்பரில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை அன்றைய எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரம்பரையாகக் கணக்கு எழுதியவர்களிடம் இருந்து நோட்டுகள் புதிய கிராம நிர்வாக அலுவலர்கள் கைக்கு வந்தன. நோட்டு வந்தது. 'இந்த வரியில் அண்ணன் பேர்தான் இருக்கும், ஆனால் உழுவது தம்பி' என்பது கணக்குப்பிள்ளையின் தலையிலேயே வீட்டுக்குப் போனது. அதே காலத்தில்தான் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது ஊரே சொல்லும் யூடிஆர், 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. விசாரித்துப் பெயரைப் புதுப்பித்தார்கள், ஏக்கர்-சென்ட்டை ஹெக்டேர்-ஏருக்கு மாற்றினார்கள். இத்தனை பெரிய வேலையில் தவறு வராமல் இருக்காது. இன்றைக்கும் மனுக்கள் 'யூடிஆரில் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது' என்றுதான் தொடங்குகின்றன. கணினிக்கு ஏறியது அந்தத் திருத்தப்பட்ட பதிவேடுதான். தவறும் சேர்ந்து ஏறியது, அதுவும் அழகான எழுத்தில்.

அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். பட்டாவில் பரப்பை '0 - 05.50' என்று எழுதுவார்கள். பூஜ்ஜியம் ஹெக்டேர், ஐந்தரை ஏர். அதாவது பதிமூன்றரை சென்ட். யாரோ ஒருவர் நோட்டில் இதை '0.5.50' என்று எழுதியிருக்க, மாற்றும் நிரல் முதல் புள்ளியைத் தசமப்புள்ளி என்றும் அடுத்த புள்ளியைக் குப்பை என்றும் எடுத்துக்கொண்டால் 0.550 ஹெக்டேர். பதிமூன்றரை சென்ட் காட்டுக்காரர் ஒரு ஏக்கர் 36 சென்ட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். ஒரு பிழையும் காட்டாமல் நிரல் முடிந்துவிடும். எண் எண்ணாகத்தானே இருக்கிறது!

புல எண்ணோ, பெயரில்தான் எண்; உண்மையில் அது எழுத்து. 112/2ஏ1 என்பதைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் வேலை இல்லை. மாற்றும் வழியில் எக்செல் கோப்பில் ஒரு ராத்திரி தங்க வைத்தால், 5/2 என்ற புல எண் காலையில் ஒரு தேதியாக எழுந்திருக்கும். சிரிக்க வேண்டாம், மரபணு விஞ்ஞானிகளே இதில் தோற்றிருக்கிறார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கித் தள்ளியது. ஆய்வுத் தாள்களில் பிழை பெருகியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். எக்செல்லோடு சண்டை போடுவதைவிட மனித மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். மற்ற மொழிக்காரர்கள் ஒரு பத்தியில் கடந்துவிடும் இடம், நமக்கு இதுதான் பெரிய கிணறு. யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றில் தமிழே கிடையாது. 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள்தான் கோப்பில் இருக்கும். பாமினி என்னும் கண்ணாடி வழியே பார்த்தால் அது 'அம்மா'. கண்ணாடியைக் கழற்றினால் அம்மா இல்லை. டிஸ்கி, டாப், டாம், இன்னும் கடைக்கு ஒரு குறியீடு என்று ஆளுக்கொரு கண்ணாடி. 1991-ல் யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் கொடுத்தாலும், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதுவரை சேர்ந்த தரவெல்லாம் பழைய கண்ணாடியில்தான்.

சாணார்பட்டிக்கு அடுத்துள்ள கோபால்பட்டியைப் பாருங்கள். பாமினியில் 'கோ' எழுத முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகு 'ஓ' குறி, அது ஒரே அலகு. வரிசையை மாற்றத் தெரியாத மாற்றி, கொம்பை முந்தின எழுத்தோடு ஒட்டிவிடும். வரிசையை மாற்றியும் தப்பலாம்: க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வைத்தாலும் யூனிகோடில் திரையில் 'கோ' என்றே தெரியும். பார்வைக்கு மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஆனால் துண்டுக் 'கோ'வால் சேமித்த கோபால்பட்டியை, முழுக் 'கோ'வால் தேடினால் 'பதிவு இல்லை' என்று வரும். ஊர் எதிரே நிற்கிறது, கணினி இல்லை என்கிறது. மாற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு இறக்கிவிட வேண்டும். யூனிகோடு அமைப்பு அதற்கு விதி வகுத்திருக்கிறது, பலரும் அதைப் படிப்பது பிரச்சினை வந்த பிறகுதான்.

நீளமும் ஏமாற்றும். 'சாணார்பட்டி' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்கு ச, கால், ண, கால், ர, புள்ளி, ப, ட, புள்ளி, ட, மேல்விலங்கு என்று 11 அலகு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அலகுக்கு மூன்று பைட், மொத்தம் 33. ஊர்ப் பெயருக்கு '30' என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் அதை 30 அலகு என்று படிக்கும், இடம் தாராளம். ஆரக்கிள் வழக்கமான அமைப்பில் அதை 30 பைட் என்று படிக்கும், மூன்று பைட் குறைகிறது. ஆரக்கிள் நேர்மையாகப் பிழை காட்டி நின்றுவிடும். நடுவில் உள்ள ஏதாவது ஒரு கருவி பெருந்தன்மையாக வெட்டிக் கொடுத்தால், மேல்விலங்கு போய் 'சாணார்பட்ட' என்று மிஞ்சும்.

இந்த எழுத்து வியாதியில் இரண்டு வகை உண்டு. வைத்தியருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். பெயருக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துகள் கிறுக்கலாக வந்தால் கவலை வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தவறான கண்ணாடியில் பார்க்கிறோம், பெரும்பாலும் மீட்கலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து, அதுவே சேமிக்கவும் பட்டிருந்தால் கதை முடிந்தது. தமிழ் தெரியாத பத்திக்குள் தமிழைத் தள்ளும்போது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு மூலத்தை எறிந்துவிடும். முருகேசனுக்கும் அதே கேள்விக்குறி, மாரியம்மாளுக்கும் அதே.

வெற்றிடத்துக்குக்கூட ஊருக்கு ஊர் பொருள் வேறு. தகப்பனார் பெயர் பத்தியில் ஒன்றும் இல்லை என்றால், பெயர் தெரியாது என்றா, இன்னும் கேட்கவில்லை என்றா, கேட்டும் சொல்லவில்லை என்றா? போஸ்ட்கிரெஸ் வெற்று எழுத்தையும் 'தெரியாது' என்பதையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அங்கிருந்து இங்கே வந்த தரவில் எது எந்த வெற்றிடம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பெரிய இடங்களிலும் இப்படித்தான். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய அமைப்பில் இருந்து புதியதற்கு நகர்த்தியது. தரவு ஏறிவிட்டது. சேவையைத் திறந்ததும் அமைப்பு தடுமாறியது. லட்சக்கணக்கானோரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. எல்லாம் சீராக டிசம்பர் ஆனது, 2022-ல் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது.

விவரமானவர்கள் மெதுவாகப் போவார்கள். பழையதும் புதியதும் சில வாரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டு விடையை ஒப்பிடுவார்கள். எத்தனை வரி போனது, எத்தனை வந்தது என்று எண்ணினால் போதாது; கிராமவாரியாகப் பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தீர்வையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கண்ணை மூடி நூறு பட்டாவை எடுத்துக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஏக்கராக ஊதிப்போன அந்தப் பதிமூன்றரை சென்ட் அந்தக் கூட்டலில் மாட்டிக்கொள்ளும். 2018 பிப்ரவரியில் பதிவுத் துறை ஸ்டார் 2.0 மென்பொருளுக்கு மாறி, அது வருவாய்த் துறையின் தமிழ் நிலம் தரவோடு பேசத் தொடங்கியபோதும் கடினமான வேலை கம்பி இழுப்பதில் இல்லை. பத்திரத்தில் எழுதிய புல எண்ணும் பதிவேட்டில் உள்ள உட்பிரிவும் ஒன்றுதானா என்று பொருத்துவதில் இருந்தது.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டது என்று நினைக்க வேண்டாம். நத்தம் சாலையில் ஒரு மாங்காய் மண்டிக்கு நான் தரவுத்தளம் மாற்றிக் கொடுத்தேன். ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய கணக்கு. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றுபோனது. மண்டிக்காரர் விடுவதாக இல்லை, கணினிதான் ஒருநாள் விட்டது. மைஎஸ்க்யூஎல்லுக்கு மாற்றி, செல்போனில் பார்க்கும்படி ஒரு பக்கமும் போட்டுக் கொடுத்தேன். விவசாயி தன் எண்ணை அடித்தால் கல்லாமை இத்தனை கிலோ, காசா லட்டு இத்தனை, கமிஷன், ஏற்றுக்கூலி, பாக்கி எல்லாம் வரும். பாமினியை யூனிகோடாக்கினேன். வரிகளை எண்ணினேன், பாக்கியைக் கூட்டினேன், பைசா சுத்தம்.

பெயர்களைச் சுத்தம் செய்யும்போது சிலவற்றின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. கை தவறி விழுந்தது என்று எண்ணி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எடுத்துவிட்டேன். நாற்பதோ என்னவோ இருந்தது.

சனிக்கிழமை பட்டுவாடா. திங்கட்கிழமை காலையில் ஒருவர் மண்டி வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதாம். தோப்பு இன்னும் அண்ணன் பெயரில். பேசி முடிக்கும்வரை யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது என்று ஊரில் முடிவு. அண்ணன் வந்து கேட்டிருக்கிறார். மண்டியின் புதுப் பையன் திரையைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டான்.

முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வில் இருந்த பெரியவரைக் கூட்டிவந்தார்கள். திரையை உற்றுப் பார்த்தார்.

"புள்ளி எங்கப்பா?"

"எந்தப் புள்ளிண்ணே?"

"பேருக்குப் பின்னாடி வச்சிருந்தேனே. புள்ளி இருந்தா என்னயக் கேக்காமப் பணம் குடுக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரியுமேப்பா."

பழைய கோப்பின் நகல் இருந்ததால் தப்பித்தேன். புள்ளி வைத்த பெயர்களைத் திரும்ப எடுத்து அவர் முன்னால் ஒவ்வொன்றாகப் படித்தேன். இவருக்கு வழக்கு, இவர் போய்ச் சேர்ந்துட்டார் வாரிசு சான்றிதழ் வரலை, இவருக்கு ஒண்ணுமில்லை, அது நிசமாவே கை தவறினது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன்: ஆம், இல்லை என்ற இரண்டே விடை. காரணம் எழுத இன்னொரு பத்தி. முதல் பத்திக்கு 'பட்டுவாடா நிறுத்தம்' என்று பெயர் வைக்கப் பார்த்தேன். பெரியவர் ஒப்பவில்லை. அதற்கு இன்றைக்கும் 'புள்ளி' என்றுதான் பெயர்.